இடப் பக்கம் பிரெஞ்சு, வலப் பக்கம் தமிழ்!

ஜாவர் சீதாராமன் என்று ஒரு நடிகர் இருந்தார். “அந்த நாள்” படத்தில் துப்பறியும் அதிகாரியாக வந்தவர். “பட்டணத்தில் பூதம்” படத்தில் பூதமாக வந்து குழந்தைகளைக் குதூகலப்படுத்தியவரும் அவரே.

ஜாவர் என்பது என்ன? அவர் பிறந்த ஊரா? குடும்பப் பெயரா?

இரண்டும் இல்லை. அது ஒரு பிரெஞ்சு நாவலில் வரும் போலீஸ் இன்ஸ்பெக்டரின் பெயர்!

1950-ஆம் ஆண்டு கோவை பட்சிராஜா நிறுவனத்தார் “ஏழை படும் பாடு” என்ற படத்தை வெளியிட்டார்கள். டைரக்டர் கே. ராம்நாத். கதாநாயகன் கந்தனாக நாகையா நடித்தார். கந்தனை ஊர் ஊராகத் துரத்தும் இன்ஸ்பெக்டர் வேடம் சீதாராமனுக்கு. வேடம் அவரோடு ஒட்டிக்கொண்டது. படம் ஓடி முடிந்தது. பெயர் மட்டும் போகவில்லை. கடைசி வரை அவர் ஜாவர் சீதாராமன்தான்.

அந்தப் படத்தின் மூலக்கதை, விக்டர் ஹ்யூகோ எழுதிய “லே மிஸெராப்ள்” என்ற நாவல். 1862-இல் வெளிவந்தது. அப்போது ஹ்யூகோ சொந்த நாட்டை விட்டு வெளியேறி, கெர்ன்ஸி என்ற தீவில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய நாவலைத் தமிழில் தந்தவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். ஹ்யூகோவின் இன்னொரு நாவலையும் “இளிச்சவாயன்” என்ற பெயரில் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

பெயர் வைப்பதில் சுத்தானந்தர் கெட்டிக்காரர். “மிஸெராப்ள்” என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. வறுமையில் வாடுபவன் என்றும் பொருள். ஈனப் பயல் என்று வைவதற்கும் அதே சொல். இரண்டையும் ஒரு சொல்லில் அடக்க முடியாமல் ஆங்கிலேயர் கையை விரித்துவிட்டார்கள். இன்றைக்கும் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் பிரெஞ்சுப் பெயரே இருக்கிறது. தமிழில் மட்டும் “ஏழை படும் பாடு”! பாடு என்றால் துன்பம். பாடு என்றால் உழைப்பும்தான். காட்டிலும் மேட்டிலும் பாடுபடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஜாவர் என்ற பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போது கடைசியில் ஒரு “ட்” இருக்கிறது. ஆனால் வாயால் சொல்லும்போது அது வராது. பிரெஞ்சு மொழியின் வழக்கம் அது. சொல்லின் கடைசியில் நிற்கும் எழுத்துகளில் பாதி ஊமை. ஆங்கிலம் மட்டும் படித்தவர் அதை “ஜாவெர்ட்” என்று அழுத்திச் சொல்லி மாட்டிக்கொள்வார். தமிழ்ச் சினிமா ரசிகர் சொன்ன “ஜாவர்”தான் பாரிஸ்காரர் வாய்க்குப் பக்கத்தில் வருகிறது!

இதெல்லாம் எப்படித் தெரியும்? மூலத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். அதற்காகவே ஒரு வகைப் புத்தகம் உண்டு. இருமொழிப் பதிப்பு என்று பெயர்.

என்ன புத்தகம் அது?

புத்தகத்தைத் திறந்தால் இடப் பக்கம் மூலமொழி. வலப் பக்கம் நமக்குத் தெரிந்த மொழி. இந்தப் பக்கம் நான்காவது பத்தி என்றால், அந்தப் பக்கமும் நான்காவது பத்தி. கண்ணைச் சற்று நகர்த்தினால் போதும். அகராதியைத் தேட வேண்டாம். ஆசிரியரிடம் ஓட வேண்டாம்.

மேல்நாட்டில் இது பழைய ஏற்பாடு. “லோப்” வரிசை என்று ஒன்று 1912 முதல் வெளிவருகிறது. கிரேக்க நூல் என்றால் பச்சை அட்டை, லத்தீன் நூல் என்றால் சிவப்பு அட்டை, எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம். நூறு ஆண்டு தாண்டியும் அந்த வரிசை நிற்கவில்லை.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. புதுச்சேரியில் 1955-இல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. அடுத்த ஆண்டே காரைக்கால் அம்மையார் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அது வெளியிட்டது. 1968-இல் பரிபாடலைத் தமிழ் மூலத்தோடும் பிரெஞ்சோடும் கொண்டுவந்தார் பிரான்சுவா குரோ என்ற அறிஞர். எங்கோ பாரிஸ் நகரத்தில் இருக்கும் ஒரு மாணவன், பேயார் பாட்டையும் வையை வெள்ளத்தையும் தமிழோடு சேர்த்து வைத்துப் படிக்க வழி பிறந்தது.

நல்ல காரியம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் நம்மைப் படிப்பதற்குப் பாலம் போட்டாயிற்று. நாம் அவர்களைப் படிப்பதற்கு? ஒரு பக்கம் பிரெஞ்சு, ஒரு பக்கம் தமிழ் என்று அச்சிட்ட பிரெஞ்சு நாவலைக் கடைக்குப் போய்க் கேளுங்கள். கடைக்காரர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். பிரெஞ்சும் ஆங்கிலமும் எதிரெதிரே அச்சிட்ட புத்தகம் கூடக் கிடைத்துவிடும். தமிழ் வேண்டுமென்றால் தமிழ் மட்டும்.

இந்தக் குறை நீங்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்? தருமபுரியிலிருந்து தொடங்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சிரிக்க வேண்டாம்!

தருமபுரிக்கும் பிரெஞ்சுக்கும் என்ன உறவு?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80-ஐத் தாண்டியது. தருமபுரி மாவட்டத்தில் அது 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம். இப்படிப்பட்ட மாவட்டத்துக்குப் பிரெஞ்சு நாவல் ஒரு கேடா என்று கேட்கத் தோன்றும்.

கேள்வியே தவறு. எழுத்தறிவு குறைவு என்பது வேறு. மொழியறிவு குறைவு என்பது வேறு. தருமபுரிக்காரரின் மொழியறிவைப் பாருங்கள். பாலக்கோடு பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள். பென்னாகரத்துக்கு மேற்கே காவிரியைத் தாண்டினால் கன்னடம். கட்டிட வேலைக்குப் பெங்களூர் போய் வருகிற கொத்தனார், தமிழில் தூங்கி எழுந்து, கன்னடத்தில் கூலி பேசி, தெலுங்கில் சண்டை போடுகிறார். பள்ளிக்கூடத்தில் அவர் ஐந்தாவதைத் தாண்டியிருக்க மாட்டார்!

ஒகேனக்கல் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் “ஹொகெ” என்றால் புகை. கல் இரண்டு மொழியிலும் கல்தான். அருவித் தண்ணீர் பாறையில் மோதிப் புகையாக எழுகிறது அல்லவா? அதுதான் பெயர். தமிழில் “ப” என்று தொடங்கும் சொல் கன்னடத்தில் “ஹ” ஆகிவிடும். பால் அங்கே ஹாலு. பல் அங்கே ஹல்லு. புகை அங்கே ஹொகெ. இதைப் பெங்களூர் போய் வருகிறவர் எந்த இலக்கணப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டார், தானே தெரிந்துகொண்டார்.

இருமொழிப் பதிப்பு செய்கிற வேலையும் இதுவே. காதுக்குப் பதில் கண்.

பெங்களூர் பஸ்ஸின் பெயர்ப் பலகையில் இரண்டு மொழி. ரூபாய் நோட்டின் பின்பக்கம் பதினைந்து மொழிகளில் ஒரே தொகை. அதை யாரும் “நமக்கு எதற்கு இத்தனை மொழி?” என்று திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி இல்லை.

பிரெஞ்சுக்காரரும் இந்தச் சீமைக்கு முழு அந்நியர் அல்லர். 1792 வரை பாராமகால் என்ற இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதர், திப்பு இருவர் படையிலும் பிரெஞ்சுச் சிப்பாய்கள் இருந்தார்கள். அது பழங்கதை, அதை வைத்துப் புத்தகம் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது.

நீயா, நீங்களா?

“லே மிஸெராப்ள்” கதை பலருக்குத் தெரியும். ழான் வல்ழான் மரம் கழிக்கும் கூலிக்காரன். அக்காள் பிள்ளைகள் ஏழு பேர் பசியால் துடித்தார்கள். ஒரு ரொட்டியைத் திருடினான். ஐந்து ஆண்டுத் தண்டனை. தப்ப முயன்றதற்காக மேலும் பதினான்கு. ஆக, பத்தொன்பது ஆண்டு!

1815-ஆம் ஆண்டு விடுதலையானான். கையில் மஞ்சள் நிறச் சீட்டு. “இவன் கைதி, ஜாக்கிரதை” என்பதற்கு அந்த நிறமே போதும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் தீஞ் என்ற சிறிய ஊருக்கு நடந்து வருகிறான். கையில் காசு இருக்கிறது. சத்திரத்தில் இடமில்லை என்கிறார்கள். அடுத்த சத்திரத்திலும் அதே பதில். சிறைச்சாலைக் கதவைத் தட்டிப் பார்க்கிறான், அங்கேயும் இடமில்லை. நாய்ப் பட்டியில் நுழைந்தால் நாய் துரத்துகிறது. வெளியூர் வேலைக்குப் போய், ஆதாரம் கேட்டு, ஊர் கேட்டு, சாதி கேட்டு, வாடகைக்கு இடம் மறுக்கப்பட்டவருக்கு இந்த அத்தியாயம் புரிய எந்த விளக்கமும் வேண்டாம்.

கடைசியில் மிரியேல் என்ற பிஷப்பின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவர் பிஷப் என்பது அவனுக்குத் தெரியாது. “நான் கைதி, பத்தொன்பது வருஷம் உள்ளே இருந்தவன்” என்று எடுத்த எடுப்பில் உரக்கச் சொல்லிவிடுகிறான். விரட்டுவதானால் இப்போதே விரட்டட்டும் என்று!

பிஷப் என்ன செய்கிறார்? வேலைக்காரம்மாளைக் கூப்பிட்டு, மேஜையில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்கிறார். பிறகு அவனைப் பார்த்து, உட்கார்ந்து குளிர் காயச் சொல்கிறார்.

எப்படிச் சொல்கிறார் என்பதுதான் விஷயம்.

பிரெஞ்சில் முன்னால் நிற்பவரை அழைக்க இரண்டு சொல். ஒன்று “த்யு”. அது நம் “நீ”. இன்னொன்று “வூ”. அது நம் “நீங்கள்”. பிள்ளைக்கும் நண்பனுக்கும் “த்யு”. பெரியவருக்கும் புதியவருக்கும் “வூ”. கைதிக்கு? கைதிக்கு எவன் “வூ” போடுவான்! பத்தொன்பது ஆண்டும் அவன் காதில் விழுந்தது “த்யு”தான். நாயை விரட்டுவது போன்ற “த்யு”.

பிஷப் அவனை “வூ” என்கிறார். அதற்கு முன்னால் “மெஸ்யே” என்று ஒரு மரியாதைச் சொல்லும் போடுகிறார். நம் ஊரில் “ஐயா” என்பது போல.

அவன் திகைத்துப் போகிறான். சாப்பாடு கிடைத்ததற்குத் திகைத்ததை விட, “நீ” என்று சொல்லாததற்கு அதிகம் திகைக்கிறான். அதை வாய்விட்டே கேட்டுவிடுகிறான்.

இந்த இடத்தை ஆங்கிலத்தில் படிப்பவர் பாவம். ஆங்கிலத்தில் ராஜாவுக்கும் “யூ”, பிச்சைக்காரனுக்கும் “யூ”. மொழிபெயர்ப்பாளர் திண்டாடுகிறார். வழக்கொழிந்த பழைய சொல்லைத் தோண்டி எடுக்கிறார். அல்லது அடியில் குறிப்புப் போடுகிறார். தமிழனுக்குக் குறிப்பு எதற்கு? நீ, நீங்கள். முடிந்தது!

ஒரு விஷயத்தை மறைக்க வேண்டாம். தமிழில் பிரெஞ்சுக் கதைகள் பல, ஆங்கிலத்தின் வழியாகவே வந்தன. வாசலில் “த்யு”வும் “வூ”வும் தனித்தனியாக நின்றன. ஆங்கில வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கொல்லை வழியாகத் தமிழுக்கு வரும்போது எது எது என்று யாருக்குத் தெரியும்? மொழிபெயர்ப்பாளர் ஊகித்து எழுத வேண்டியதுதான். இடப் பக்கத்தில் பிரெஞ்சு இருந்தால் ஊகத்துக்கு வேலையில்லை. பிரெஞ்சு தெரியாதவர் கூட “வூ” என்ற சொல்லின் வடிவத்தை ஒரு முறை அடையாளம் கண்டுகொண்டால் போதும். பக்கம் முழுவதும் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

ஜாவருக்கு வருவோம். ழான் வல்ழான் திருந்தி, பெயரை மாற்றிக்கொண்டு, ஓர் ஊரின் மேயராகவே ஆகிவிடுகிறார். இன்ஸ்பெக்டர் ஜாவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார். “மேயர் ஐயா” என்று பணிந்து “வூ” போட்டுப் பேசுகிறார். அதே ஜாவர், ஃபான்தீன் என்ற ஏழைப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு வரும்போது “த்யு”. மேயரோ அவள் தன் முகத்தில் துப்பிய பிறகும் அவளை “வூ” என்றே அழைக்கிறார்.

மேயர் பழைய கைதி என்று வெளியாகிறது. ஜாவர் கைது செய்ய வருகிறார். நேற்று வரை “நீங்கள்”, இன்றைக்கு “நீ”! தன்னை மட்டும் “இன்ஸ்பெக்டர் ஐயா” என்று கூப்பிடு என்று உத்தரவு வேறு.

பிறகு பாரிஸ் கலகம். ஜாவர் கலகக்காரர்களிடம் சிக்கிக்கொள்கிறார். அவரைச் சுட்டுத் தள்ளும் வேலை ழான் வல்ழானிடம் வருகிறது. பல வருஷப் பகை தீர்க்க நல்ல சமயம். அவர் கட்டை அறுத்து, “போ” என்று விட்டுவிடுகிறார். ஜாவர் நம்ப முடியாமல் நிற்கிறார், பேசுகிறார். அப்போது அவர் வாயில் வருவது “வூ”! தான் “த்யு”வை விட்டுவிட்டோம் என்பது ஜாவருக்கே தெரியவில்லை என்று ஹ்யூகோ ஒரு வாக்கியம் எழுதுகிறார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஜாவரின் வாழ்நாள் பிடிவாதம் விரிசல் விடுகிறது. அதன் பின்னர் நடப்பதெல்லாம் அந்த விரிசலின் விளைவே.

தருமபுரிக்கும் இதற்கும் என்ன உறவு என்று இப்போது சொல்ல வேண்டுமா? அறுபது வயதுப் பெரியவரைப் பள்ளிக்கூடப் பையன் “வா, போ” என்று கூப்பிடும் வழக்கம் நம் கிராமங்களில் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. யார் யாரை “நீ” என்பது, யார் யாரை “நீங்க” என்பது என்று சாதி வகுத்து வைத்த சட்டம் அது. அந்தச் சட்டத்தைப் பற்றி உலகப் புகழ் பெற்ற நாவல் ஒன்று 1862-லேயே பேசியிருக்கிறது. லண்டன் வாசகரை விட, “வாடா” என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன தருமபுரிக் கூலிக்காரர் அதை நன்றாகப் படிப்பார். அவருக்குச் சேர வேண்டிய புத்தகம் அவர் கைக்கு வராமல் இருக்கிறது. இதுதான் வருத்தம்.

அவனா, அவரா?

தமிழ் எல்லா இடத்திலும் ஜெயித்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். வலப் பக்கத்துக்கு ஒரு சங்கடம் உண்டு.

பிரெஞ்சில் “அவன்” என்பதற்கும் “அவர்” என்பதற்கும் ஒரே சொல்தான். “இல்” என்பார்கள். ழான் வல்ழான் கைதியாக இருந்தாலும் “இல்”. மேயராக இருந்தாலும் “இல்”. ஹ்யூகோவுக்குக் கவலை இல்லை. தமிழில் எழுதுகிறவர் என்ன செய்வார்? மந்திரி வந்தார், திருடன் வந்தான் என்று எழுதிப் பழகிய மொழி இது. திருடனை எந்தப் பக்கத்தில் “அவர்” ஆக்குவது? பிஷப் அவனை மதித்த அந்த நிமிஷத்திலா? மேயர் ஆன பிறகா? செத்த பிறகா?

இதைத் தமிழாசிரியர்கள் நாலு பேர் கூடினால் ஒரு நாள் முழுக்க விவாதிக்கலாம். மேலே இந்தக் கட்டுரையிலும் ழான் வல்ழான் ஓரிடத்தில் “அவன்”, ஓரிடத்தில் “அவர்”. மாறியது எங்கே என்று தேடிப் பாருங்கள்.

ஒற்றை மொழிப் புத்தகத்தில் மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு வாசகருக்குத் தெரியாது. “அவன்” என்று அச்சாகியிருந்தால் ஹ்யூகோவே “அவன்” என்றார் என்று நினைப்பார். இரு மொழியும் எதிரெதிரே இருந்தால் மொழிபெயர்ப்பாளரும் அகப்பட்டுக்கொள்வார், வாசகரே நீதிபதி.

இலங்கையில் காலி என்ற ஊரில் 1911-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. செங் ஹோ என்ற சீனக் கப்பல் தளபதி வைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனவரை நாயனார் என்ற திருமாலுக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாவின் பெயர்! சீனம் மட்டும் படித்தவருக்கு ஒரு கதை; தமிழ் மட்டும் படித்தவருக்கு வேறு கதை. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் தளபதியின் சாமர்த்தியம் வெளிவந்தது.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

“பிரெஞ்சு தெரியாதவனுக்கு இடப் பக்கம் வீண்தானே? காகிதம் இரட்டிப்பு, விலையும் இரட்டிப்பு” என்பது ஓர் ஆட்சேபம்.

நியாயமான கேள்வி. ஹ்யூகோவின் நாவலில் 365 அத்தியாயங்கள். பிரெஞ்சில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். இரண்டு மொழியிலும் அச்சிட்டால் தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். யார் வாங்குவார்கள்?

“சுருக்கிப் போடலாமே” என்பார்கள். கூடாது! புதிதாக எழுத்துக் கற்றவர் என்றால் எல்லாவற்றையும் சுருக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நூறு பக்கத்துக்குள் கதை, கொட்டை எழுத்து, கடைசியில் நீதி. இது பசித்தவனுக்குச் சாப்பாட்டின் விலைப்பட்டியலைக் கொடுப்பது போல. சுருக்கத்தில் முதலில் போவது எது? மேஜையில் வைத்த இன்னொரு தட்டு போகும். “வூ” போகும். மிஞ்சுவது, திருடன் திருந்தினான் என்ற செய்தி மட்டும்.

சுருக்கம் வேறு, பகுதி வேறு. ழான் வல்ழான் ஊருக்குள் நுழைவது முதல் பிஷப் வீட்டு வெள்ளிச் சாமான் திருட்டும் அதற்கு அடுத்தவையும் வரை, நாவலின் முதல் பாகத்தில் இரண்டாம் புத்தகமாகத் தனியே இருக்கிறது. மொத்தம் பதின்மூன்று அத்தியாயம். ஒரு சொல் குறைக்காமல், அந்தப் பதின்மூன்றை மட்டும் இரு மொழியில் அச்சிட்டால் மெல்லிய புத்தகம்தான். ஹ்யூகோ இறந்தது 1885-இல். அவருக்கு ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை.

“ஆங்கிலமே தடுமாறுகிறது, இதில் பிரெஞ்சு எதற்கு?” என்பது இரண்டாவது ஆட்சேபம்.

நகரத்துக் கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தமிழுக்குப் பதில் பிரெஞ்சை மொழிப் பாடமாக எடுக்கிறார்கள் பல மாணவர்கள். மதிப்பெண் நிறைய வரும் என்ற ஆசை. அவர்களுக்குப் பிரெஞ்சு உண்டு, தமிழ் இல்லை. தருமபுரி மாணவிக்குத் தமிழ் உண்டு, பிரெஞ்சு இல்லை. இந்தப் புத்தகத்தை விரித்தால் அவருக்கு இடப் பக்கம்; இவருக்கு வலப் பக்கம். இரண்டு பேரும் ஒரே புத்தகத்துக்கு வாசகர்கள்!

தவிர, நேரே பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வர ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. வெ. ஸ்ரீராம் ஆல்பெர் காம்யுவின் “அந்நியன்” நாவலை நேரே பிரெஞ்சிலிருந்து தமிழாக்கினார். மதனகல்யாணியோடு சேர்ந்து “குட்டி இளவரச”னையும் தந்தார். “க்ரியா” பதிப்பகம் வெளியிட்டது. நாற்பது ஆண்டு கடந்தும் அவை வாசிக்கப்படுகின்றன. மூலத்தில் அந்தக் குட்டி இளவரசன் விமானியிடம் ஆட்டுக்குட்டிப் படம் கேட்கும் இடம் ஒன்று போதும். முதல் மூச்சில் மரியாதை. அடுத்த மூச்சில் “நீ” என்ற உரிமை. ஒரே வாக்கியத்தில் இரண்டும்! நம் வீட்டுக் குழந்தை “ஐயா, கொஞ்சம் வரைஞ்சு குடு” என்று கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கதையில் நரி, தன்னைப் பழக்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இதற்குச் சர்க்கஸ் சிங்கத்தை அடக்கும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். தமிழில் பழகு, பழக்கு என்று அக்கா தங்கை போல இரண்டு சொல் இருக்கிறது. பழக்குகிறவனும் பழகிவிடுகிறான். நரி சொல்ல வந்ததும் அதுவே.

எப்படிப் படிப்பது?

முதலில் இடப் பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். ஓர் அத்தியாயம் முழுவதையும் தமிழில் படியுங்கள். வீட்டில் எழுத்து அறியாத பாட்டி இருந்தால் உரக்கப் படியுங்கள். பாட்டி குறுக்கே கேள்வி கேட்பார். கேட்கட்டும், பாரதம் கேட்டு வளர்ந்த காது அது. விடிய விடியக் கூத்துப் பார்த்தவருக்கு ஹ்யூகோ நீளம் என்று தோன்றாது.

மறுநாள் அதே அத்தியாயத்தின் இடப் பக்கம். பெயர்கள் எங்கே வருகின்றன என்று மட்டும் பாருங்கள். பெயர் தெரிந்தால் வாக்கியம் தெரியும். பேச்சு தொடங்கும் இடத்தில் பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு கோடு போடுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டால் யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். பிறகு “வூ”வைத் தேடுங்கள்.

ரொட்டிக்குப் பிரெஞ்சில் என்ன என்று பாருங்கள். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் “பாண்” என்பார்கள்; போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். பிரெஞ்சுச் சொல்லும் அதன் உடன்பிறப்பு. வீட்டில் துணி வைக்கும் பீரோவும் பிரெஞ்சுச் சொல்தான். இப்படி நாளைக்கு ஒரு சொல் போதும். பேச வராது. பேசுவதற்காகப் படிக்கவும் இல்லை.

நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடாதீர்கள். அடுத்து எடுப்பவருக்கும் தேடிக் கண்டுபிடிக்கும் சுகம் வேண்டும்.

செய்ய வேண்டியவர்கள்

2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடக்கிறது. தமிழ் நூல்கள் பிற மொழிகளுக்குப் போக அரசு நல்கை கொடுக்கிறது. பிரெஞ்சு நூல்களை மொழிபெயர்க்கப் பிரெஞ்சு அரசும் உதவித் திட்டம் வைத்திருக்கிறது. இரண்டு பணமும் சந்திக்கும் இடத்தில் இந்த மெல்லிய புத்தகத்தை அச்சிடலாம். பிரெஞ்சு அறிந்தவர்களுக்குப் புதுச்சேரியில் பஞ்சமில்லை. அங்கே பழைய பிரெஞ்சுப் படைவீரர்களைச் “சொல்தா” என்று தெருவே அழைக்கிறது. அந்தத் தெருவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மாட்டாரா?

அச்சிட்டால் முதல் கட்டுகள் தருமபுரிக்கு வரட்டும். மாவட்ட மைய நூலகத்துக்கு மட்டும் அல்ல. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று கிளை நூலகங்களுக்கும் போகட்டும். அங்கே ஒரு சிக்கல் வரும். புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது? தமிழா, அயல்மொழியா? அயல்மொழி அலமாரிக்குப் போனால் பூட்டோடு போயிற்று; சாவி இருக்காது. தமிழ் அலமாரிக்குப் போனால் நாவல் வரிசையில் அடியில் கிடக்கும்.

காலையில் செய்தித்தாள் பார்க்க நாலு பேர் வந்து உட்காரும் நீள மேஜை எல்லா நூலகத்திலும் இருக்கிறது. அதன் மேல் வைக்கட்டும்.